தீவில் ஒரு சுமைதாங்கி: பென் மையமும் போராளிகளின் ஓய்வும்

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்துக் கடலோரத்தில் செயின்ட் ஹெலினா என்றொரு தீவு. அங்கே கழிமுகத்தைப் பார்த்தபடி ஒரு வீடு நிற்கிறது. சுற்றிலும் ஓக் மரங்கள்; கிளைகளிலிருந்து சாம்பல் நிறப் பாசி சடைசடையாகத் தொங்குகிறது. எதிரே சதுப்பு நிலம். ஓதம் ஏறினால் நீர், இறங்கினால் சேறும் கோரையும். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் வந்து தங்கி இளைப்பாறவும் எழுதவும் என்று 1968-இல் கட்டிய வீடு அது. அந்த ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி மெம்பிஸ் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. அந்த வீட்டில் அவர் ஓர் இரவுகூடப் படுக்கவில்லை.

விழா மலர்களில் ஒரு நிறுவனத்தின் வரலாறு எழுதுவதற்கு நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆண்டு அடிக்கல் நாட்டினார்கள், யார் திறந்து வைத்தார், எத்தனை பேர் படித்து வெளியேறினார்கள் என்று வரிசையாகச் சொல்வோம். பெரியவர்களைப் பற்றி எழுதும்போது ‘இரவு பகல் பாராது உழைத்தவர்’ என்று தவறாமல் ஒரு வரி சேர்ப்போம். அந்த வீடு நிற்கும் பென் மையத்தின் வரலாற்றைப் படித்த பிறகு அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த இடத்தின் பெருமை அங்கே கட்டிய கட்டடங்களில் மட்டும் இல்லை. இரவு பகல் பாராது உழைத்தவர்களுக்கு அது சில இரவுகளைத் திருப்பிக் கொடுத்தது. அங்கே யார் தூங்கினார்கள், அந்தப் படுக்கைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் தாமே சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, தாமே மறுபடி தூக்கிக்கொண்டு போகலாம். பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் நட்டு வைப்பது வழக்கம். சுமை இறக்க முடியாமல் போனவளின் பெயரால் மற்றவர்களுக்கு ஓர் இளைப்பாறல். செயின்ட் ஹெலினா தீவின் கதையைச் சொல்ல எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தெரியவில்லை.

1861 நவம்பர் 7. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் ஆண்டு. வடக்குப் படையின் கப்பல்கள் போர்ட் ராயல் நீரிணைக்குள் நுழைந்ததும், தீவுகளில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த முதலாளிகள் வீடுவாசலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களிடம் அடிமைகளாக இருந்த ஏறக்குறைய 10,000 பேர் அப்படியே தங்கிவிட்டார்கள். அடுத்த ஏப்ரலில் பிலடெல்பியாவிலிருந்து லாரா டவுன் என்ற பெண் அங்கே வந்து இறங்கினார். மருத்துவம் படித்தவர். ஜூன் மாதம் அவருடைய தோழி எல்லன் மரே வந்து சேர்ந்தார். முதலாளி விட்டுப்போன ஒரு மாளிகையின் பின்னறையில், வயது வந்த ஒன்பது பேரை உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் தொடங்கியது. இடம் போதாமல் அருகிலிருந்த செங்கல் தேவாலயத்துக்கு மாறினார்கள். 1855-இல் அடிமைகளின் கைகள் கட்டிய தேவாலயம் அது. அக்டோபரில் ஷார்லட் ஃபோர்டன் வந்தார். வடக்கிலிருந்து அங்கே பாடம் சொல்ல வந்த முதல் கறுப்பின ஆசிரியை அவர்.

பள்ளிக்குப் பென்சில்வேனியாவிலிருந்த விடுதலை பெற்றோர் உதவிச் சங்கம் பணம் அனுப்பியது. ‘பென்’ என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். பள்ளிக் கட்டடத்தைக்கூடப் பாகம் பாகமாகச் செய்து கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். நிலம் மட்டும் தீவிலேயே கிடைத்தது. ஹேஸ்டிங்ஸ் காண்ட் என்பவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்று நிலவுடைமையாளர் ஆனவர். அவரிடமிருந்து வந்த 50 ஏக்கரில்தான் இன்றைக்கும் மையம் நிற்கிறது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாரா டவுன் 1901-இல் சாகும்வரை, ஏறத்தாழ 39 ஆண்டுகள், அந்தத் தீவை விட்டுப் போகவில்லை. பாடமும் சொன்னார், மருந்தும் கொடுத்தார். பின்னாளில் அந்தத் தீவிலேயே பிறந்து, அந்தப் பள்ளியிலேயே படித்து, மருத்துவராகத் திரும்பி வந்தார் யார்க் பெய்லி. காசு இல்லாத நோயாளிகள் கோழியும் தோட்டத்து விளைச்சலும் கொண்டுவந்து கொடுப்பார்களாம், அவர் வாங்கிக்கொள்வார். மையத்தின் அருங்காட்சியகத்துக்கு இப்போது அவர் பெயர்தான். உடம்பைப் பார்த்துக்கொள்வது அந்த நிறுவனத்துக்கு இடையில் வந்த எண்ணம் இல்லை. முதல் நாளிலிருந்தே எழுத்தும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

1948-இல் பள்ளி மூடப்பட்டு, தீவுப் பிள்ளைகளின் படிப்பு அரசின் பொறுப்புக்குப் போனது. கட்டடங்கள் இருந்தன, வேலை இல்லை. 1950-இல் கோர்ட்னி சைஸ்லஃப் இயக்குநராக வந்தார். வெள்ளையர், தெற்கத்திக்காரர், க்வேக்கர் சமயத்தவர். மனைவி எலிசபெத்தோடு தீவிலேயே குடியேறினார். காலியாகக் கிடந்த விடுதி அறைகளையும் சாப்பாட்டுக் கூடத்தையும் அவர்கள் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். இதன் அருமை புரிய வேண்டுமானால் அன்றைய தெற்கை நினைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட முடியாது, ஒரே விடுதியில் இரவு தங்க முடியாது. சேர்ந்து போராடுகிற ஒரு குழு சேர்ந்து தங்க இடம் தேடினால் மாநிலம் மாநிலமாக அலைய வேண்டும். பென் மையம் அப்படித் தங்க முடிந்த மிகச் சில இடங்களில் ஒன்று.

தங்க இடம் கிடைத்தாலும் தூக்கம் வருமா என்பது வேறு கேள்வி. 1956 ஜனவரி 30 இரவு மான்ட்கோமரியில் கிங் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். 1963 மே மாதம் பர்மிங்காமில் அவர் வழக்கமாகத் தங்கிய காஸ்டன் விடுதியில் குண்டு வைத்தார்கள். அந்த ஆண்டு இறுதியிலிருந்து அவருடைய தொலைபேசியை அரசின் புலனாய்வுத் துறை ஒட்டுக்கேட்டது. வீட்டில் படுத்தாலும் பயம், விடுதியில் படுத்தாலும் பயம், மனைவியோடு தொலைபேசியில் பேசினாலும் யாரோ கேட்கிறார்கள். 1964 அக்டோபர் 14-ஆம் தேதி நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் மேடையில் இல்லை. அட்லாண்டாவில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில், உடல் சோர்ந்துபோய்ப் படுத்திருந்தார்.

அந்தப் பரிசுப் பணம் ஏறக்குறைய 54,000 டாலர். முழுவதையும் உரிமைப் போராட்ட இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார். பிள்ளைகளின் படிப்புக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கலாமே என்று மனைவி கொரெட்டா கேட்டார், கிங் சம்மதிக்கவில்லை. இதைத் தியாகம் என்று மேடைகளில் சொல்லிக் கைதட்டுகிறோம். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓர் இயக்கம் தன் ஆட்களுக்குச் செய்ய வேண்டியதை அந்த ஆட்களின் குடும்பமே செய்யும்படி விட்டுவிடுவது அந்த இயக்கத்துக்கு ஆதரவாக நின்றவர்களின் குறை. கொரெட்டா கேட்டது நியாயமான கேள்வி.

1964-இலிருந்து 1967 வரை கிங்கும் அவருடைய தென் மாநிலக் கிறித்துவத் தலைமை மாநாட்டு அமைப்பினரும் பலமுறை பென் மையத்துக்கு வந்தார்கள். கிங் தங்கிய சிறு வீட்டின் பெயர் காண்ட் குடில். அடிமையாக இருந்து நிலம் வாங்கிய அந்த ஹேஸ்டிங்ஸ் காண்டின் பெயர். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் நிலத்தில் கிங் தலைசாய்த்தார்.

அங்கே நடந்தவை வெறும் விடுமுறை முகாம்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கடுமையான வாதங்கள் நடந்தன. 1966 நவம்பரில் கூடியபோது அந்த ஆண்டு சிகாகோவில் நடத்திய போராட்டத்தின் அலுப்பு எல்லார் முகத்திலும் இருந்தது. ‘கறுப்பர் அதிகாரம்’ என்ற முழக்கம் இளையவர்களை வேறு திசைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. 1967 மே மாதம் கூடியபோது வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியதற்காக நாடே கிங்கை ஏசிக்கொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் கூடியபோது வறுமைக்கு எதிரான ‘ஏழைகள் இயக்கம்’ என்ற போராட்டத்தின் திட்டத்தை விவாதித்தார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி அட்லாண்டாவில் கிங் அதை அறிவித்தார். பெரிய முடிவுகள் எல்லாம்தான். ஆனால் அவை எப்படிப்பட்ட இடத்தில் எடுக்கப்பட்டன என்று பாருங்கள். பத்திரிகைக்காரர் கூட்டம் இல்லை. காவலரின் தடி இல்லை. வேளாவேளைக்குச் சோறு. தீவின் குல்லா மக்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அரிசிச் சோறு, வெண்டைக்காய், இறால் எல்லாம் அவர்கள் அடுப்பில் உண்டு. நம் ஆட்கள் போனால் வீட்டுச் சாப்பாடு என்றே சொல்வார்கள். விவாதம் முடிந்தால் பாட்டு. பாடி முடித்துச் சதுப்பு நிலத்தின் ஓரமாக ஒரு நடை. வாக்குவாதத்தில் முறைத்துக்கொண்ட இருவர் மறுநாள் காலையில் ஒரே மேசையில் காப்பி குடிக்க வேண்டியிருக்கும். ஓர் இயக்கம் உடையாமல் இருக்க அந்தக் காப்பிக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

காப்பி என்றதும் இன்னோர் இடத்தைச் சொல்லாமல் போக முடியாது. டென்னசி மலைப்பகுதியில் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்டும் 1932-இல் தொடங்கிய ஹைலேண்டர் பள்ளி. 1955 கோடையில் அங்கே நடந்த ஒரு பயிலரங்குக்கு மான்ட்கோமரியிலிருந்து தையல்காரப் பெண் ஒருவர் வந்தார். உதவித்தொகை கொடுத்து அவரை வரவழைத்தார்கள். தோழி வர்ஜீனியா டர் அதற்கு ஏற்பாடு செய்தார். வரும்போது அந்தப் பெண் களைத்துப்போயிருந்தார். தம் ஊரில் எதுவும் மாறும் என்ற நம்பிக்கை அவருக்குப் பெரிதாக இல்லை. அங்கே காலையில் எழுந்தால் இறைச்சி வறுபடும் வாசமும் காப்பி மணமும் வரும். அதைச் சமைப்பவர்கள் வெள்ளையர்கள். தாம் எழுந்து போய்ச் சமைக்க வேண்டியதில்லை. அந்தச் சுகத்தை வாழ்நாள் முழுவதும் அவர் நினைவுகூர்ந்தார். பெயர் ரோசா பார்க்ஸ். நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 1-ஆம் தேதி, பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார். ஒரு பயிலரங்கும் நாலு வேளைக் காப்பியும் வரலாற்றை மாற்றின என்று நான் சொல்ல வரவில்லை. பல ஆண்டுகளாக அவர் களத்தில் இருந்தவர். ஆனால் அந்த உதவித்தொகை போல் பயன்பட்ட பணத்தை வரலாற்றில் அதிகம் காணோம்.

அந்தப் பயிலரங்கை நடத்தியவர் செப்டிமா கிளார்க். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததை விடமாட்டேன் என்றதற்காக, 40 ஆண்டு ஆசிரியப் பணியை 1956-இல் தென் கரோலைனா அவரிடமிருந்து பறித்தது. ஓய்வூதியமும் போயிற்று. ஓய்வு என்ற சொல்லுக்கு அவருக்குக் கிடைத்த பொருள் அது.

கிங்குக்கு ஒருமுறை நெடுந்தொலைவு போய் இளைப்பாற வாய்ப்புக் கிடைத்தது. அது நம் மண்ணோடு தொடர்புடையது. 1958 செப்டம்பர் 20 அன்று ஹார்லெமில் புத்தகத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கடிதம் பிரிக்கும் கத்தியால் அவர் மார்பில் குத்தினார். கத்தியின் முனை பெருந்தமனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு தும்மல் வந்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றார்கள் மருத்துவர்கள். குணமாகிக்கொண்டிருந்தபோது, காந்தியின் நாட்டைப் பார்த்துவர இதுவே நேரம் என்று நண்பர்கள் சொன்னார்கள். க்வேக்கர்களின் சேவை அமைப்பு வழியாக ஓர் அறக்கட்டளை செலவை ஏற்றுக்கொண்டது. 1959 பிப்ரவரியில் கிங்கும் கொரெட்டாவும் இந்தியா வந்தார்கள். தெற்கே வந்து காந்திகிராமம் பார்த்தார்கள். கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் பார்த்தது அவர் மனத்தில் தங்கிவிட்டது. ஊர் திரும்பிய பின் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். பயணமும் முழு ஓய்வு இல்லைதான். போன இடமெல்லாம் கூட்டம், பேச்சு. ஆனாலும் ஒரு மாதம் எந்தக் குண்டும் வெடிக்கவில்லை.

நேரடியாக, ‘நீங்கள் களைத்திருக்கிறீர்கள், போய் வாருங்கள்’ என்று பணம் கொடுத்தவர் பாடகர் ஹாரி பெலஃபான்டே. 1964 கோடை முழுவதும் மிசிசிப்பியில் வாக்காளர் பதிவுக்காக அலைந்த மாணவர் அமைப்பினர், கொல்லப்பட்ட நண்பர்களைப் புதைத்துவிட்டு, ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஏமாற்றப்பட்டு, ஒருவரோடொருவர் எரிந்துவிழும் நிலைக்கு வந்திருந்தார்கள். செப்டம்பரில் அவர்களில் 11 பேரை அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கு அனுப்பி வைத்தார். ஏறக்குறைய மூன்று வாரம். போனவர்களில் ஃபேனி லூ ஹேமரும் ஒருவர். பருத்திக்காட்டுக் கூலித் தொழிலாளி; 20 பிள்ளைகளில் கடைக்குட்டி. விமானத்தில் கறுப்பர்கள் பொறுப்பாகப் பணிபுரிவதைப் பார்த்து அசந்துபோனார். ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, குடியரசுத் தலைவர் செக்கூ தூரே உங்களைப் பார்க்க வந்திருக்கிறார் என்றார்கள். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். தம் சொந்த நாட்டில் அதிபரின் கதவை எத்தனை முறை தட்டினாலும் திறக்காத பெண்ணுக்கு, இங்கே ஒரு நாட்டின் தலைவர் வாசலில் வந்து நின்றார். ஹேமர் அழுதார்.

ஆனால் மூன்று வாரம் எத்தனை நாளுக்குத் தாங்கும்? அதற்கு முந்தைய ஆண்டுதான், குடியுரிமைப் பயிற்சி முடித்துப் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், வினோனாச் சிறையில் அவரைத் தடியால் அடித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தார்கள். அந்த உடம்போடு இன்னும் 13 ஆண்டு ஓடினார். 1977-இல் இறந்தபோது வயது 59.

இது பழைய கதை என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். 2014 ஜூலையில் நியூயார்க்கில் காவலரின் பிடியில் மூச்சுத் திணறி எரிக் கார்னர் இறந்தார். அப்பா விழுந்த அதே நடைபாதையில் மகள் எரிக்கா கார்னர் வாரந்தோறும் போய்ப் படுத்துப் போராட்டம் நடத்தினார். 2017 டிசம்பர் 30-ஆம் தேதி, மாரடைப்பின் விளைவாக அவரும் இறந்தார். வயது 27. சில மாதம் முன்புதான் அவருக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்திருந்தது. சுமைதாங்கிக் கல் யாருக்காக நடுவது என்ற நம் ஊர் வழக்கம் இந்த இடத்தில்தான் என் நெஞ்சை அழுத்துகிறது.

நிதி கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கியது மிகவும் தாமதமாக. 1989-இல் மொன்டானா மாநிலத்தில் ஆல்பர்ட், சூசன் வெல்ஸ் தம்பதியர் தங்கள் பண்ணையை நீதிக்காக உழைக்கும் களப்பணியாளர்களுக்குத் திறந்தார்கள். விண்ட்கால் என்று பெயர். வந்து தங்கலாம் என்றார்கள்; அறிக்கை எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. 1997-இல் லாஸ் ஏஞ்சலஸின் டர்ஃபீ அறக்கட்டளை தொண்டு நிறுவனத் தலைவர்களுக்குச் சம்பளத்தோடு குறைந்தது 3 மாத ஓய்வு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2016-இல் அட்லாண்டாவில் ட்ரிஷியா ஹெர்சி கறுப்பின மக்களைக் கூட்டி ஒன்றாகப் படுத்து உறங்க வைக்கும் ஓர் இயக்கத்தையே தொடங்கினார். அடிமை முறை முன்னோரிடமிருந்து திருடிய தூக்கத்தைத் திரும்பக் கேட்பதாக அவர் சொல்கிறார். முதலில் கேட்கும்போது விந்தையாகத் தோன்றலாம். செயின்ட் ஹெலினாவின் பருத்தித் தோட்டங்களில் விடியுமுன் எழுப்பப்பட்டவர்களை நினைத்தால் தோன்றாது.

இவை எல்லாம் இன்னும் விதிவிலக்குகள்தான். வழக்கமான மானிய விண்ணப்பத்தில் எத்தனை கூட்டம் நடத்துவீர்கள், எத்தனை பேரைத் திரட்டுவீர்கள் என்று கட்டங்கள் இருக்கும். நடத்துகிறவருக்கு மருத்துவக் காப்பீடு உண்டா, கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தார் என்று கேட்கும் கட்டம் இருக்காது. ஓராண்டுக்குப் பணம், அடுத்த ஆண்டுக்கு மறுபடி விண்ணப்பம். ஓய்வுக்குச் செலவிட்டால் நிர்வாகச் செலவு கூடிவிட்டது என்ற பழி. ஆகவே நல்லவர்கள் அந்தச் செலவைக் கணக்கில் காட்டாமல் தங்கள் உடம்பிலிருந்து கொடுத்துவிடுகிறார்கள்.

பென் மையம் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கடந்தது. அது ஓய்வுக்கென்று காசோலை எழுதவில்லை, நிலத்தை வைத்திருந்தது. நிலம் இருந்ததால் கூரை, கூரை இருந்ததால் கட்டில், கட்டில் இருந்ததால் அழைப்பு. 1960-களுக்குப் பிறகு தீவு மக்கள் தங்கள் பூர்வீக நிலத்தை வரிக்கும் ஏலத்துக்கும் இழந்துவிடாமல் காப்பதை மையம் தன் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டதன் பொருள் இதுதான். 1980-இலிருந்து 2002 வரை இயக்குநராக இருந்த எமரி கேம்ப்பெல் காலத்தில் அந்த வேலையோடு குல்லா பண்பாட்டைக் காக்கும் பணியும் வளர்ந்தது. 1974-இல் மையம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 2017 ஜனவரியில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டு அமைத்த மறுகட்டமைப்புக் காலத் தேசிய நினைவுச் சின்னத்தில் மையத்தின் டாரா ஹால் என்ற கட்டடமும் பழைய செங்கல் தேவாலயமும் சேர்க்கப்பட்டன.

இந்த மலரைக் கையில் எடுத்திருப்பவர்களில் பலர் ஏதாவது ஒரு சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ ஆண்டுதோறும் நன்கொடை கொடுப்பவர்கள். சிலர் அப்படிப்பட்ட அமைப்புகளின் பொறுப்பில் இருப்பவர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காசோலையோடு அனுப்பும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: இதில் இன்ன தொகை உங்கள் களப்பணியாளர்களின் ஓய்வுக்கும் மருத்துவத்துக்கும், இதற்கு ரசீதோ அறிக்கையோ தேவையில்லை. ஊருக்கு வெளியே வீடோ தோப்போ சும்மா பூட்டிக் கிடந்தால், ஆண்டில் ஒரு மாதம் அதன் சாவியை அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள்.